அக்காவின் பெண்களை இல்லத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அக்கா எட்டு மாதமாக வேலூர் பெண்கள் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறாள். குடித்துவிட்டு வந்து அடித்துக்கொண்டிருந்த மாமா ஒருநாள் இரவு இறந்துபோனார். அக்காதான் கொன்றாள் என்று வழக்கு. அவளுடைய இரண்டு பெண்களும் ஆம்பூரில் என் வீட்டில் இருக்கிறார்கள். பெரியவளுக்கு 13, சின்னவளுக்கு 7. நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். வாடகை வீடு, ஒரே அறை. எனக்கு 16 வயதில் ஒரு மகன். "வயசுப் பையன் இருக்கிற வீட்டுல வயசுப் பொண்ணா" என்று மாமியார் தினமும் குத்திக்காட்டுகிறார். பெரியவள் தங்கமான பிள்ளை. எல்லா வேலையும் செய்துவிடுவாள், இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க மாட்டாள், வாயே திறக்க மாட்டாள். சின்னவளிடம் அம்மா பெங்களூரில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். சிறையில் இருப்பவர்களின் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒரு இல்லம் இருக்கிறது, எல்லாம் இலவசம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். ஆனால் 18 வயது வரை திரும்பக் கேட்க மாட்டேன் என்று பத்திரத்தில் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். மாமாவின் அண்ணன் பிள்ளைகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மாமா பெயரில் இருக்கும் வீட்டின் பத்திரத்தை மட்டும் கேட்டு ஆள் அனுப்புகிறார். பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பினால் நான் அக்காவுக்குத் துரோகம் செய்தவள் ஆவேனா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

துரோகம் என்ற பேச்சை முதலில் விட்டுவிடுவோம். இந்த எட்டு மாதமும் ஷிஃப்டுக்கு ஓடிக்கொண்டே அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் நீங்கள். முடியாத நிலையில் பிள்ளைகளை நல்ல இல்லத்தில் சேர்ப்பதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். யார் எவ்வளவு நல்லவர் என்று சொன்னாலும் சரி.

சித்தியாகிய உங்களுக்கு அந்தப் பிள்ளைகளை யாருக்கும் எழுதிக்கொடுக்கும் உரிமை கிடையாது. அந்த உரிமை அக்காவிடம் இருக்கிறது. சிறைக்குப் போனதால் அது பறிபோய்விடவில்லை. அவர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்பட்டவரும் அல்ல. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி எந்தக் குழந்தைகள் இல்லமும் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையை இல்லத்தில் சேர்க்க உத்தரவு போட வேண்டியது உங்கள் மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு அது. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். குழுவுக்குத் தெரியாமல் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை எடுத்துக்கொள்ளும் இல்லத்துக்கு ஒன்று சட்டம் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். இரண்டுமே உங்களுக்கு ஆகாது. பீகாரில் முஸாஃபர்பூர் பெண் பிள்ளைகள் காப்பகத்தில் நடந்த பாலியல் கொடுமை 2018இல் வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. அது அரசுப் பணத்தில் நடந்த காப்பகம். அப்படிப்பட்ட இடத்திலேயே அந்த நிலை என்றால், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அடுத்ததற்கு வருவோம். கடிதத்தில் வீட்டுக்காரர் வருகிறார், மாமியார் வருகிறார், மாமாவின் அண்ணன்கூட வருகிறார். இல்லத்தைப் பற்றி அக்கா என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். உள்ளே இருப்பவரிடம் போய் இதைச் சொல்லி ஏன் அவரை அழவைக்க வேண்டும் என்று விட்டிருப்பீர்கள். ஆனால் இது அவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு நடக்க வேண்டிய விஷயம். பின்னால் யாரோ சொல்லி அவருக்குத் தெரியவந்தால் அப்போதுதான் துரோகம் என்ற வார்த்தைக்கு இடம் வரும். அடுத்த முறை மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்க, போகும்போது இதைப் பேசுங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சில நிமிடங்களில் எல்லாம் பேசிவிட முடியாது. சிறையில் நல அலுவலர் இருப்பார். பிள்ளைகள் விஷயமாக என்று சொல்லி அவரைப் பாருங்கள். அக்கா கைப்பட எழுதிய கடிதம் ஒன்று அவர் வழியாகக் கிடைத்தால், குழுவின் முன்னால் நிற்கும்போது அது பெரிய பலம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் வேறு. பெரியவள் தங்கமான பிள்ளை, எதையும் கேட்க மாட்டாள், எல்லா வேலையும் செய்துவிடுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிமூன்று வயதில் பிள்ளைகள் அப்படி இருப்பதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், தங்கையிடம் சண்டை போடும், புது ஜியோமெட்ரி பாக்ஸ் கேட்கும். அப்பா செத்து, அம்மா சிறைக்குப் போய், அடுத்தவர் வீட்டில் படுத்துக்கொண்டிருக்கும் பெண், தட்டைக் கழுவி வைத்தால்தான் இங்கே இருக்க முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். மாமியார் பேசுவது அவள் காதில் விழாமல் இருக்காது, ஒரே அறைதானே. இந்த நேரத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பையைக் கட்டினால், தான் செய்த வேலை போதவில்லை, அதனால்தான் அனுப்புகிறார்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

ஆகவே எந்த முடிவுக்கும் முன்னால் அவளோடு தனியாக உட்காருங்கள். மாடியோ கோயிலோ, மாமியார் இல்லாத இடமாக இருக்கட்டும். "உன்னை அனுப்பணும்னு இல்ல. இங்க இருக்கலாம், விடுதில தங்கிப் படிக்கலாம், இல்லத்துக்கும் போகலாம். உனக்கு எது சரின்னு படுது?" என்று கேளுங்கள். முதல் தடவை "நீங்க எது சொன்னாலும் சரி சித்தி" என்பாள். விடாதீர்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். எப்படியும் குழுவும் அவள் விருப்பத்தைக் கேட்கத்தான் செய்யும். அங்கே அதிகாரிகள் முன்னால் முதல்முறையாக அந்தக் கேள்வியைச் சந்திப்பதைவிட உங்களிடம் கேட்டுப் பழகியிருந்தால் அவளுக்குப் பேச்சு வரும்.

மாமியார் சொல்வதில் ஒரு பாதி நியாயம் உண்டு. வயது வந்த பையனும் பெண்ணும் ஒரே அறையில் படுப்பது இருவருக்குமே சங்கடம். உடை மாற்ற ஒரு மறைப்பு, பையனுக்கு இரவில் வேறு படுக்கை இடம், இது இரண்டையும் எப்படியாவது செய்துகொடுங்கள். இதில் பழி சொல்ல ஒன்றுமில்லை, ஏற்பாடு செய்யத்தான் வேண்டும். இதைச் சாக்காக வைத்துப் பெண்ணை வெளியேற்ற நினைப்பது அந்தப் பேச்சின் மறுபாதி. அதற்குக் காது கொடுக்காதீர்கள்.

இனி பணம். பெற்றோர் இருந்தும் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை உறவினர் வீட்டிலேயே வைத்து வளர்க்க அரசு உதவி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமான வரம்பு நகரத்தில் ஆண்டுக்கு 96,000, கிராமத்தில் 72,000. எங்கள் சம்பளம் தாண்டிவிடும் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். மனுவைக் கொடுங்கள், தகுதி இல்லை என்றால் அதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும் வந்த திட்டம் அது; உங்கள் பிள்ளைகளின் நிலை அதுதான். இரண்டுக்கும் போக வேண்டிய இடம் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகம். அங்கே மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று கேளுங்கள். லீவு போட முடியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு முதலில் போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு உங்களையே 'தகுந்த நபர்' என்று ஏற்று, பிள்ளைகளை உங்கள் பொறுப்பில் விட்டு உத்தரவு கொடுக்க முடியும். இப்போது நீங்கள் வெறும் வாய்வார்த்தைச் சித்தி. பள்ளியில் கையெழுத்து, வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் "அம்மா எங்கே, அப்பா எங்கே" என்பார்கள். அந்த உத்தரவு கையில் இருந்தால் கேள்வி பாதியாகக் குறையும். பெரியப்பா நாளைக்குத் திடீரென்று பாசம் பொங்கி வந்து நின்றாலும் அது உங்களுக்குக் காவல்.

பெரியவளுக்கு மட்டும் இட நெருக்கடி என்றால் அரசு மாணவியர் விடுதியும் ஒரு வழி. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளாக இருந்தவற்றுக்கு இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர். அங்கே அவள் நூறு மாணவிகளில் ஒருத்தி. அம்மா எங்கே என்று பலகை மாட்டிச் சொல்ல வேண்டியதில்லை, லீவு விட்டால் உங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். ஆனால் அப்பா அம்மா இருவரையும் இழந்தது போல இருக்கும் இந்த நேரத்தில் தங்கையை விட்டுப் பிரிவதை அவள் எப்படித் தாங்குவாள் என்பதை நீங்கள்தான் அருகிலிருந்து பார்க்க வேண்டும். அக்கா தங்கையைப் பிரிக்காமல் இருக்க முடிந்தால் பிரிக்காதீர்கள் என்பதுதான் என் பக்கம்.

இத்தனைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் இல்லம். சிறைவாசிகளின் பெண்களுக்கென்றே நடக்கும் இல்லத்தில் ஒரு நன்மை உண்டு: அங்கே யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. பள்ளியில் பொய் சொல்லிக் களைத்த பிள்ளைக்கு, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவளின் அம்மாவும் அதே சிறையில்தான் என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் குழந்தைகள் நலக் குழுவில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். கெடுதலும் அதிலேயே இருக்கிறது. இல்லத்தின் பெயர்ப் பலகையிலும் வேனிலும் 'கைதிகளின் குழந்தைகள்' என்று எழுதிவிட்டால், தெருவும் பள்ளியும் அந்தப் பெண்ணை அந்த ஒரே பெயரில்தான் கூப்பிடும். நன்கொடைக்காகப் பிள்ளைகளின் முகத்தை முகநூலில் போடும் இல்லங்கள் இருக்கின்றன. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

நல்ல இல்லம் எப்படி இருக்கும் என்பதற்கு நேபாளத்தில் ஒரு பெண்ணைச் சொல்வார்கள். புஷ்பா பாஸ்நெட், காத்மாண்டு. பெற்றோரோடு சிறைக்குள் வளர்ந்த பிள்ளைகளை 21 வயதில், 2005இல், வெளியே கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கியவர். 2012இல் சிஎன்என் அவரை ஆண்டின் நாயகராகத் தேர்ந்தெடுத்தது. விருதைவிட எனக்குப் பிடித்தது, பள்ளி விடுமுறையில் சிறு பிள்ளைகளை அவர் சிறைக்கே அனுப்பி அப்பா அம்மாவோடு இருக்க வைப்பதுதான். இல்லத்தை அளக்க நான் வைத்திருக்கும் அளவும் அதுவே. நீங்கள் பார்க்கப்போகும் இல்லத்தின் பொறுப்பாளரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "பிள்ளைங்களை அவங்க அம்மாவைப் பார்க்க யாரு கூட்டிட்டுப் போவீங்க, எத்தனை நாளுக்கு ஒரு தடவை?" தாய் சிறையில் இருந்து, பிள்ளை சமூகநலத் துறை இல்லத்தில் இருந்தால், வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்க விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் ஆர்.டி. உபாத்யாய வழக்கில் சொல்லியிருக்கிறது. தனியார் இல்லம் வாரம் ஒருமுறை கூட்டிப்போகாமல் போகலாம். ஆனால் "அதெல்லாம் பார்த்தா பிள்ளைங்க மனசு கெட்டுடும்" என்று பதில் வந்தால் அந்த இல்லம் வேண்டாம்.

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இல்லத்தில் அது அலுவலகச் சுவரிலேயே தொங்கும். அப்புறம், சொல்லாமல் ஒருநாள் மாலை ஐந்து மணிக்குப் போங்கள். அவர்கள் உங்களுக்குக் காட்ட விரும்புவது கம்ப்யூட்டர் அறையாக இருக்கும். நீங்கள் குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். நாப்கின் எங்கே வைத்திருக்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டுமா, போய் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு பெண்ணிடம் கேளுங்கள். இரவில் யார் தங்குகிறார்கள் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் இல்லத்தில் பொறுப்பாளரும் ஊழியர்களும் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் உங்களைப் பார்த்ததும் வரிசையாக நின்று வணக்கம் சொல்லிப் பாட்டுப் பாடினால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒன்று வீட்டுப்பாடம் எழுத, இரண்டு சண்டை போட, ஒன்று வந்து "நீங்க யாரு" என்று கேட்டால் நல்லது.

பள்ளி மாற்றும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெரியவள் இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால், இல்லத்தின் சொந்தத் தனியார் பள்ளிக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் பள்ளி எது என்று பார்க்கிறார்கள். இங்கிலீஷ் மீடியம் இலவசம் என்று கேட்டு டி.சி. வாங்கிவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் நிறையப் பேர்.

இப்போது சின்னவள். பெங்களூர்க் கதை ரொம்ப நாள் ஓடாது. பள்ளியில் எவளாவது ஒருத்தி சண்டையில் "உங்கம்மா ஜெயில்ல இருக்கா" என்று சொல்லிவிடுவாள். அம்மா ஒரு போன்கூடப் பண்ணாமல் பெங்களூரில் இருக்கிறாள் என்றால் அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் ஏழு வயதுப் புத்தி முடிவு கட்டும். சிறை என்ற உண்மையைவிட அது அவளுக்குக் கொடுமை. சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: "அம்மா பெங்களூர்ல இல்ல. வேலூர்ல ஜெயில்ல இருக்காங்க. அப்பா செத்துப்போனதுல அம்மா மேல கேஸ் இருக்கு. என்ன நடந்ததுன்னு ஜட்ஜ் விசாரிக்கிறார். அது முடியற வரைக்கும் அம்மா நினைச்சாலும் வர முடியாது. உன்னை விட்டுட்டுப் போகல. இதுல உன் தப்பு எதுவும் இல்ல." அதற்கு மேல் அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அங்கே சோறு போடுவார்களா, ஃபேன் இருக்கா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். பொய் சொன்னதற்குக் கோபப்பட்டால் படட்டும். சில நாள் படுக்கையில் ஈரம் ஆகலாம், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கலாம். அடிக்காதீர்கள், அது அடங்கும்.

சொன்ன பிறகு அழைத்துப் போங்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து தொரப்பாடி. மனு எந்த நாள், யாருக்கெல்லாம் ஆதார் வேண்டும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், பிஸ்கெட்டும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். அம்மாவைத் தொட முடியாமல் போகலாம், போனில்தான் பேச வேண்டியிருக்கும், நேரம் முடிந்தால் கிளம்பச் சொல்வார்கள் என்பதை வழியிலேயே சொல்லிவிடுங்கள். விசாரணைக் கைதி என்பதால் அக்கா சொந்தத் துணியில்தான் இருப்பார். அதுவே பிள்ளைக்குப் பாதி பயத்தைப் போக்கும். வாய்தா நாளில் கோர்ட்டுக்கு அழைத்துப்போய்ப் பார்க்க வைப்பது எளிது என்று சிலர் சொல்வார்கள். போலீஸ், கூட்டம், மாமா வீட்டு ஆட்கள் எல்லோரும் நிற்கும் இடம் அது. வேண்டாம்.

அன்று இரவு பிள்ளைகள் வீட்டில் இருந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் பெரியவள் சாட்சியாக அழைக்கப்படலாம். இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று நீங்களும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, மாமா வீட்டு ஆட்களையும் சொல்லிக்கொடுக்க விடக் கூடாது. சிறைக்கு எழுதும் கடிதத்தில் வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். கடிதங்களைப் படித்துத்தான் கொடுப்பார்கள். எட்டு மாதமாகியும் ஜாமீன் ஏன் கிடைக்கவில்லை என்பதையும் கேளுங்கள். கடுமையான வழக்கிலும் பெண் என்பதைக் கருத்தில் கொண்டு ஜாமீன் கொடுக்க நீதிமன்றத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது காரணமாக இருந்தால், சிறையில் இருப்பவருக்கும் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. அக்கா வெளியே வந்துவிட்டால் இல்லக் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுப் பத்திரத்தைப் பெரியப்பாவிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் இந்துக் குடும்பம், வீடு மாமாவின் சொந்தச் சம்பாத்தியம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: அதில் பங்கு பிள்ளைகளுக்கும், மாமாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும், அக்காவுக்கும். கொலை நிரூபணமானால் அக்காவின் பங்கு போகும், பிள்ளைகளின் பங்கு போகாது. மகள்கள் இருக்கும்போது அண்ணனுக்கு அதில் எதுவும் இல்லை. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வையுங்கள், பத்திரத்தின் நகலை அந்த இலவச வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.

இந்தியாவின் சிறைப் புள்ளிவிவரத்தில் தாயோடு உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 2022 கடைசியில் 1,537 பெண்களோடு 1,764 பிள்ளைகள். ஆறு வயது தாண்டி வெளியே சித்தி வீட்டிலும் பாட்டி வீட்டிலும் இருப்பவர்களை அதில் யாரும் எண்ணுவதில்லை. குழுவின் முன்னால் போய் நிற்பதால் உங்கள் இரண்டு பெண்களும் முதல்முறையாக அரசின் ஒரு பதிவேட்டில் ஏறுவார்கள். உதவி, விடுதி, இல்லம் எதுவானாலும் அதற்குப் பிறகுதான். தெரிந்தவர் சொன்ன அந்த இல்லத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கிக்கொண்டு போய்க் குழுவிடமே கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள். எழுதும்போது பிள்ளைகளின் பெயரையோ பள்ளியையோ குறிப்பிட வேண்டாம்.